மருத்துவர் உதவியாளர் பயிற்சி: விண்ணப்பிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு முறையும் நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா, பொகவந்தலாவை, டிக்கோயா போன்ற தோட்டப் பிரதேசங்களில் ஒரே விதமான கேள்வி எழுகின்றது. உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும் மருத்துவ பீடத்திற்குரிய இசட் புள்ளியை எட்டாத மாணவர்கள் அடுத்து எங்கே செல்வது என்பதே அக்கேள்வி. மருத்துவத் துறையை விட்டு விலக மனமில்லாத இம்மாணவர்களின் கண்ணில் படும் தெரிவுகளுள் ஒன்று, இந்தியாவிலும் மேலை நாடுகளிலும் நடத்தப்படும் மருத்துவர் உதவியாளர் பட்டப்படிப்பாகும். மலையகத்தவர் மட்டுமன்றி, கம்பளையிலிருந்தும் கிழக்கிலங்கையிலிருந்தும் இத்துறையை நாடும் தமிழ், முஸ்லிம் மாணவர்களும் இதனைச் சரியாக விளங்கிக்கொள்வது அவசியம். ஏனெனில், இப்படிப்பில் ஒரு குடும்பம் தனது நகையையும் சேமிப்பையும் மட்டுமல்ல, ஓர் இளைஞனின் அல்லது யுவதியின் நான்கு ஆண்டுகளையும் முதலிடுகின்றது.

மருத்துவர் உதவியாளர் என்பவர் வைத்தியரின் மேற்பார்வையில் நோயாளியின் நோய் வரலாற்றைக் கேட்டறிந்து, உடற்பரிசோதனை செய்து, பரிசோதனை முடிவுகளை ஆராய்ந்து, சிகிச்சையில் துணைநிற்கும் பயிற்சி பெற்ற ஊழியர் ஆவார். இவர் தாதியரும் அல்லர், மருந்தாளரும் அல்லர், வைத்தியரும் அல்லர். நவீன வடிவில் இத்தொழில் 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. வைத்தியர் பற்றாக்குறைக்குத் தீர்வு தேடிய பேராசிரியர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவப் பணியாற்றித் திரும்பிய நால்வரைத் தெரிவுசெய்து பயிற்சியளிக்கத் தொடங்கினார். 1967இல் அவர்களுள் மூவர் பயிற்சியை நிறைவு செய்தனர். இன்று அந்நாட்டில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர்.

பெயர் புதிதாயினும் இத்தகைய ஊழியர் இலங்கைக்குப் புதியவர் அல்லர். பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, 'அப்போதிக்கரி' என்ற பெயரில் குறுகிய காலப் பயிற்சி பெற்ற மருத்துவ ஊழியர்கள் இங்கு உருவாக்கப்பட்டனர். பிற்காலத்தில் இவர்கள் உதவி மருத்துவ அதிகாரிகள் எனப் பெயர் பெற்றனர். வைத்தியர் செல்லத் தயங்கிய பின்தங்கிய பிரதேசங்களின் மருந்தகங்களையும் சிறிய வைத்தியசாலைகளையும் பல தசாப்தங்களாகத் தாங்கி நின்றவர்கள் இவர்களே. பட்டம் பெற்ற வைத்தியர்களின் எண்ணிக்கை பெருகியதை அடுத்து 1995ஆம் ஆண்டுடன் இவர்களுக்கான பயிற்சி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டுக்கு முன்னர் பயிற்சி பெற்றோர் ஓய்வுபெறுந்தோறும் அந்தச் சேவைப் பிரிவு சுருங்கி வருகின்றது.

இங்கே மலையக மக்களின் வரலாற்றோடு தொடர்புடைய ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. நாடற்றவரின் பிள்ளைக்கு அரச உத்தியோகத்தின் கதவு திறக்கவில்லை. ஆகவே அரச சேவைக்கென நடத்தப்பட்ட உதவி மருத்துவ அதிகாரிப் பயிற்சியும் அப்பிள்ளைக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1988இன் சட்டம் ஆகியவற்றைத் தாண்டி, 2003ஆம் ஆண்டின் சட்டத்துடனேயே இப்பிரச்சினை சட்டரீதியாக முற்றுப்பெற்றது. தோட்டப் பாடசாலைகள் அரசிடம் கையளிக்கப்பட்டு, உயர்தர விஞ்ஞானப் பிரிவுவரை மாணவர் உயரத் தொடங்கியதும் 1970களுக்குப் பின்னரே. சுருங்கக் கூறின், மலையகப் பிள்ளைகள் வாசலை வந்தடைந்த வேளையில் அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது.

ஆயினும் அத்தகைய ஊழியருக்கான தேவை தோட்டங்களில் மறைந்துவிடவில்லை. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் 1912ஆம் ஆண்டின் சட்டங்களும் தோட்டங்களின் மருத்துவப் பொறுப்பைப் பெருமளவில் தோட்ட நிர்வாகங்களுடன் பிணைத்தன. அதன் விளைவாக, நாட்டின் பொதுச் சுகாதார சேவைக்குப் புறம்பாகத் தோட்ட ஆஸ்பத்திரி, டிஸ்பென்சரி, தோட்ட வைத்திய உதவியாளர், மருத்துவிச்சி என ஒரு தனி அமைப்பு வளர்ந்தது. லயத்து மக்கள் 'டொக்டர் ஐயா' என்று அழைத்தவர் பெரும்பாலும் இந்த வைத்திய உதவியாளரே. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்ற பின்னரும் ஏனைய பல இடங்களில் தோட்ட நிர்வாகமே டிஸ்பென்சரியை நடத்துகின்றது. அங்கே பணிபுரிவோரின் பயிற்சியும் தகுதியும் எல்லாத் தோட்டங்களிலும் ஒரே தரத்தில் இருந்ததில்லை.

தேயிலை மலையில் குளவிக் கொட்டுக்கு இலக்காகும் பெண் தொழிலாளியின் நிலையை எண்ணிப் பார்த்தால் இதன் பாரதூரம் புரியும். குளவியின் நஞ்சு சிலருக்குக் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தும். மூச்சுக்குழல் வீங்கி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, நிமிடக் கணக்கில் உயிர் ஆபத்துக்கு உள்ளாகும். அப்போது தசையில் ஏற்றப்பட வேண்டியது அட்ரினலின் ஊசி. ஒவ்வாமை அறிகுறியை இனங்கண்டு, உரிய அளவில் அம்மருந்தை ஏற்றி, நோயாளியைப் பாதுகாப்பாக அனுப்பிவைக்கும் பயிற்சி பெற்றவர் ஒருவர் அருகில் இருந்தால் போதும். 2017 மே மாதம் இந்திய நிதியுதவியுடன் 150 கட்டில்கள் கொண்டதாக டிக்கோயாவில் திறந்து வைக்கப்பட்ட வைத்தியசாலை பிரதேசத்திற்கு ஒரு பெரும் வரப்பிரசாதமே. எனினும், நோட்டன் பிரிட்ஜ் பகுதியின் மேட்டு லயத்திலிருந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் அவ்வைத்தியசாலையை அடையும் வரையிலான நேரத்தில் நோயாளியின் அருகில் இருப்பவர் யார் என்ற கேள்வியைக் கட்டடம் மட்டும் தீர்த்துவிடாது.

மலேசியாவின் அனுபவம் இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. அங்கும் இறப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளருக்கு மருந்து கொடுத்தவர் தோட்ட மருத்துவமனை உதவியாளரே. ஆனால் 1965இல் அவர்களைப் பதிவு செய்வதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1977இல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. இன்று உதவி மருத்துவ அதிகாரி என்பது அந்நாட்டில் மூன்றாண்டு டிப்ளோமா பெற்று, சட்டப்படி பதிவு செய்துகொண்டு ஆற்றப்படும் தொழிலாகும். இலங்கை அந்தச் சேவையை முடிவுக்குக் கொண்டுவந்தது. மலேசியாவோ அதனை ஒழுங்குபடுத்தி வளர்த்தெடுத்தது.

இனி, இன்று விண்ணப்பிக்க விரும்பும் மாணவருக்குள்ள வழிகளை நோக்குவோம். இந்தியாவில் இப்பயிற்சி 1992ஆம் ஆண்டு சென்னையில், இருதய சத்திரசிகிச்சை நிபுணர் கே.எம். செரியனின் முயற்சியில் ஆரம்பமானது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது மூன்றாண்டு வகுப்பும் ஓராண்டு கட்டாய உள்ளகப் பயிற்சியும் கொண்ட இளமாணிப் பட்டமாக நடத்தப்பட்டு வந்துள்ளது. 2021இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் இத்தொழிலையும் தனது அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. மொழியும் உணவும் சூழலும் பழகியவை என்பதால் நமது மாணவருக்குத் தமிழகம் இயல்பான தெரிவாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

அமெரிக்காவில் இது முதுமாணி மட்டத்திலான படிப்பு. முதலில் ஓர் இளமாணிப் பட்டம் வேண்டும். நோயாளரை நேரடியாகப் பராமரித்த அனுபவத்தையும் பல நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நெறியை முடித்தவர் மட்டுமே தேசிய தகுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். ஆகவே, சென்னையில் பெற்ற பட்டத்துடன் நேரே அமெரிக்கா சென்று இத்தொழிலைச் செய்யலாம் என்று எவரேனும் கூறினால் அது உண்மையன்று. பிரித்தானியாவில் 2024 டிசம்பர் மாதமே பொது மருத்துவ சபை இவர்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. தம்மைப் பார்வையிட்டவர் வைத்தியர் அல்லர் என்பதை நோயாளர் அறியாதிருப்பதாக அங்கு பெரும் சர்ச்சை எழுந்தது. 2025 ஜூலையில் வெளியான அரச மீளாய்வு, இவர்களின் பதவிப் பெயரை மாற்றவும் பணி எல்லையைத் தெளிவாக வரையறுக்கவும் பரிந்துரைத்தது. தொழில் வேரூன்றிய நாடுகளிலேயே அதன் எல்லை இன்னும் விவாதத்திற்குரியதாக இருக்கின்றது என்பதை மாணவர் மனங்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பட்டத்தின் அங்கீகாரமும் தொழிலின் அனுமதியும் வெவ்வேறானவை என்பதாகும். ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொண்டால், அங்கு பெற்ற பட்டம் பட்டமாக மதிக்கப்படும். ஆனால் நோயாளிக்குச் சிகிச்சையளிக்கும் உரிமை, மருத்துவக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்வதிலேயே தங்கியுள்ளது. மருத்துவர் உதவியாளர் என்ற பெயரில் இலங்கை அரச சுகாதார சேவையில் பதவி இல்லை. ஆகவே இப்பட்டத்துடன் நாடு திரும்புபவர் நோட்டன் பிரிட்ஜில் ஒரு டிஸ்பென்சரியைத் திறந்து நோயாளரைப் பார்க்க முடியாது. அவ்வாறு செய்வது சட்டத்திற்கு முரணானது.

இதனால் விண்ணப்பப்படிவத்தைக் கையில் எடுக்கும் முன்னர் மூன்று கேள்விகளுக்கு எழுத்து மூலம் விடை பெறுவது நன்று. படிப்பு முடிந்ததும் என்னைப் பதிவு செய்யும் சபை எது? அந்தப் பதிவு எந்த நாட்டில் செல்லுபடியாகும்? அந்நாட்டில் வெளிநாட்டவராகிய எனக்கு வேலை செய்யும் அனுமதி கிடைக்குமா? இவ்விடைகளை முகவரிடமிருந்து வாய்மொழியாகப் பெறாமல், பல்கலைக்கழகத்திடமிருந்தும் உரிய சபையிடமிருந்தும் நேரே கடிதமாகப் பெற வேண்டும். உள்நாட்டில் குறுகிய கால மருத்துவ உதவிப் பயிற்சிகளை விளம்பரப்படுத்தும் தனியார் நிலையங்கள் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றவையா என்பதையும் முற்பணம் செலுத்து முன் விசாரித்தறிய வேண்டும்.

ஆவணங்கள் விடயத்தில் மலையக மாணவர் கூடுதல் கவனம் செலுத்துவது அவசியம். தோட்டத்தில் நிகழ்ந்த பிறப்புகள் நீண்ட காலமாகத் தோட்ட நிர்வாகத்தின் ஊடாகவே பதிவாளருக்கு அறிவிக்கப்பட்டு வந்தன. எழுதியவர் காதில் விழுந்தவாறு எழுதிய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், பாடசாலைப் பதிவில் வேறு விதமாகவும், அடையாள அட்டையில் மற்றொரு விதமாகவும் அமைந்திருப்பதைக் காணலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் விசா அதிகாரியும் இவற்றை மூன்று வேறு நபர்களாகக் கருதக்கூடும். எனவே உயர்தர வகுப்பில் பயிலும்போதே பதிவாளர் ஊடாகப் பெயர்த் திருத்தத்தைச் செய்துகொள்ள வேண்டும். பரீட்சைகள் திணைக்களத்திடமிருந்து பெறுபேற்றுச் சான்றிதழையும், தேவையானவற்றுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பையும், வெளிவிவகார அமைச்சின் கொன்சியுலர் பிரிவின் அத்தாட்சியையும் முற்கூட்டியே பெற்றுவைப்பது கடைசி நேர அலைச்சலைத் தவிர்க்கும்.

வெளிநாடு செல்வது ஒன்றே வழி என்றும் எண்ணத் தேவையில்லை. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். நுவரெலியா மாவட்டம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்படுவதால், மாவட்ட ஒதுக்கீட்டுடன் விசேட ஒதுக்கீடும் அதற்குரியது. பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் தாதியர், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் போன்ற பட்டப்படிப்புகள் உள்ளன. தாதியர், குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகிய பயிற்சிகளுக்கு அரசு வர்த்தமானி மூலம் விண்ணப்பங்கள் கோருகின்றது. இப்பதவிகளில் பதிவும் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, சொந்த மண்ணில் சொந்த மொழியில் பணியாற்றும் வாய்ப்பும் உண்டு. வர்த்தமானி அறிவித்தல் தோட்டத்தை எட்டுவதற்குள் முடிவுத் திகதி கடந்துவிடுவதே பெருங்குறை. பாடசாலை அதிபர்களும், ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும், வாசிகசாலைகளும் இவ்வறிவித்தல்களைக் காட்சிப்படுத்துவதைத் தமது கடமையாகக் கொள்ளலாம்.

இவையெல்லாம் மாணவர் செய்யக்கூடியவை. அரசு செய்ய வேண்டியது வேறொன்று உண்டு. தோட்டங்களுக்கெனத் தகுதி குறைந்த ஊழியரை உருவாக்குவது, இரண்டாந்தரப் பிரஜைகளுக்கு இரண்டாந்தர வைத்தியம் என்றாகிவிடும் என்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். இந்த ஆட்சேபம் நியாயமற்றதன்று. தோட்ட மக்களுக்கும் ஏனையோரைப் போலவே வைத்தியர் வேண்டும். ஆனால், இன்று பல தோட்டங்களில் வைத்தியருக்குப் பதிலாக இருப்பது பயிற்சி பெற்ற உதவியாளரும் அல்ல, வெற்றிடமே. பதிவு, மேற்பார்வை, பணி எல்லை ஆகிய மூன்றையும் சட்டத்தால் உறுதிசெய்து, வைத்தியருக்கு மாற்றீடாக அன்றி அவரது நீட்டப்பட்ட கரமாக இயங்கும் ஒரு சேவையை மீண்டும் உருவாக்குவது மக்களைத் தாழ்த்துவதாகாது. அதற்கான ஆட்சேர்ப்பில் தோட்டப் பிரதேசத் தமிழ்மொழி மாணவருக்கு உரிய இடம் வழங்கப்பட்டால், முன்னர் ஒரு தலைமுறைக்கு மறுக்கப்பட்ட வாய்ப்பு அதன் பேரப்பிள்ளைகளுக்கேனும் கிட்டும்.

நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டில் தேங்கும் நீர் லக்ஷபானவில் மின்சாரமாகி 1950ஆம் ஆண்டு முதல் நாட்டுக்கு ஒளி கொடுத்து வருகின்றது. அந்த மலைகளில் பிறந்து உயிரியல் கற்ற பிள்ளைகள் தமது மக்களின் நோய் தீர்க்கும் பணிக்கு வருவதற்கு ஒரு வழியைத் திறந்துவிடுவது நாட்டுக்கு இயலாத காரியமன்று. அதுவரையில், கவர்ச்சியான விளம்பரத்தை நம்பி அவசரத்தில் ஒப்பமிடாது, பதிவு எங்கே, பணி எங்கே என்று கேட்டறிந்த பின்னரே மாணவரும் பெற்றோரும் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும்.