குதி உயர்ந்த செருப்பு: கால் வலி குறைய வழி என்ன?

காலை நேரத்தில் தாதர் ரெயில் நிலைய மேம்பாலத்தில் நின்று பாருங்கள். "டக், டக்" என்ற ஓசையுடன், ஓட்டமும் நடையுமாகப் படி இறங்கும் பெண்களைக் காணலாம். வரவேற்பாளர்களுக்கும், கடைகளில் நின்றுகொண்டே விற்பனை செய்பவர்களுக்கும் குதி உயர்ந்த செருப்பு ஆடம்பரம் அல்ல. பல இடங்களில் அது சீருடையைப் போன்றது. இரவு வீடு திரும்பி, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருகிறவர்களும் இவர்கள்தான்.

"வலித்தால் கழற்றி எறி" என்று சொல்வது எளிது. வேலை போய்விடுமே!

முதலில் இதை அணிந்தவர்கள் ஆண்கள். பாரசீகக் குதிரை வீரர்களுக்கு, அங்கவடியில் கால் நழுவாமல் இருக்க இது உதவியது. பிரான்சு மன்னர் 14-ம் லூயி சிவப்புக் குதி வைத்த காலணி அணிந்தார். அவர் மின்சார ரெயிலைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை!

வெறுங்காலில் நிற்கும்போது உடல் பாரத்தில் பாதிக்கு மேல் குதிகால் தாங்குகிறது. குதி உயர உயர, அந்தப் பாரம் முன்பாதத்துக்குச் சரிகிறது. செருப்பின் முனை கூர்மையாக இருந்தால் விரல்கள் அதற்குள் நசுங்குகின்றன. கால் ஆணி தோன்றுவதும், பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்வதும் பெரும்பாலும் இப்படித்தான்.

கடையிலேயே கவனியுங்கள்

செருப்பை மாலையில் வாங்குங்கள். பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது பொருந்துவதே சரியான அளவு. வீட்டில் ஒரு தாளின் மேல் வெறுங்காலுடன் நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அதைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். செருப்பை அதன் மேல் வைத்துப் பாருங்கள். கோடு வெளியே தெரிந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். "போடப்போட இளகிவிடும்" என்பார் கடைக்காரர். தோல் ஓரளவு இளகும். ரெக்சின் இளகாது.

குதி 2 அங்குலத்துக்குள் இருப்பது நல்லது. 3 அங்குலம்தான் வேண்டும் என்றால், முன்பகுதியிலும் 1 அங்குல அடித்தட்டு உள்ளதாகப் பாருங்கள். பாதத்தின் சரிவு 2 அங்குலம்தான் இருக்கும். ஊசிக்குதியை விட அகலக்குதி மேல். கணுக்காலில் வார் இருந்தால் பாதம் முன்னால் வழுக்காது.

பஞ்சுத் திண்டு வாங்குகிற பலரும் அதைக் குதிகாலுக்கு அடியில் வைக்கிறார்கள். வலிக்கும் இடம் அதுவா? முன்பாதத்தின் மேட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்தால்தான் பாரம் பிரியும். ஏற்கனவே இறுக்கமான செருப்பில் திண்டு வைத்தால் இறுக்கம் இன்னும் கூடும்.

இன்னொன்று. பல ஆண்டுகள் உயர்ந்த குதி அணிந்த பெண்களின் கெண்டைக்கால் தசை இழைகள் சுமார் 13 சதவீதம் குறுகியிருந்ததை, 2010-ம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தட்டைச் செருப்புக்கு மாறினால் சிலருக்குக் கால் இழுப்பது இதனால்தான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெல்லக் கீழே இறக்குங்கள். அரை நிமிடம் நில்லுங்கள். இதைத் தினமும் செய்யலாம்.

ரெயில் பயணத்துக்குத் தட்டைச் செருப்பு. அலுவலக வாசலில் மாற்றிக்கொள்ள உயர்ந்த குதி. கைப்பையில் அதற்கு இடம் உண்டு. குதியின் நுனியில் உள்ள ரப்பர் தேய்ந்து ஆணி தெரிந்தால், அன்றே செருப்பு தைப்பவரிடம் கொடுத்து மாற்றுங்கள். மழைக்காலத்தில் ஈரமான ரெயில் நிலையப் படிகளில் அந்த ஆணிதான் வழுக்கிவிடும்.

நீரிழிவு நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் இந்தச் செருப்பை அடியோடு தவிர்க்க வேண்டும். புண் ஏற்பட்டாலும் அவர்களுக்கு வலி தெரியாது.