தென்னங்கன்று வாங்க முன்

போன மாதம் ஒரு லொறிக்காரர் கடைக்கு வந்து, மாத்தறைப் பக்கத்துத் தென்னங்கன்றுகளை அரை விலைக்குத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். காரணத்தை நம் வியாபாரிகளும் அறிய வேண்டும்.

2006இல் வெலிகமையில் தென்னை ஓலை வாடல் நோய் கண்டறியப்பட்டது. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்கிருமி மரத்தின் சாற்றுக் குழாய்களில் வாழ்கிறது. சாறு உறிஞ்சும் பூச்சிகள் அதை மரத்துக்கு மரம் பரப்புகின்றன. ஓலை தொய்ந்து மஞ்சளாகும், காய்ப்புக் குறையும். மருந்து இல்லை, மரத்தை வெட்டி அழிப்பதே வழி.

பூச்சி பக்கத்துத் தோட்டம் வரைதான் போகும். நோய்க்கன்று ஏற்றிய லொறியோ ஒரே இரவில் கல்முனைக்கு வந்துவிடும். இதனால்தான் காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களிலிருந்து தென்னங்கன்றுகளை வெளியே கொண்டுபோகச் சட்டப்படி தடை விதித்தார்கள்.

ஆகவே, கன்று எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.