கிளை நரம்பு

மாத்தளையிலே அன்பர் ஒருவர் இல்லத்துப் பழைய பியானோவுக்குச் சுருதி கூட்ட முதியவர் ஒருவர் வந்திருந்தார். இசைக்கவையைத் தட்டி ஒரு சுரத்தை நிலைநிறுத்தினார். பின் அதன் பஞ்சமத்தை உடன் ஒலித்துச் செவிசாய்த்தார். அருகிருந்த என் மாணவன் கைத்தொலைபேசியின் அளவுமுள்ளைக் காட்டி, "ஐயா, இது நொடியிற் சொல்லுமே, செவியை ஏன் வருத்தவேண்டும்?" என்றான்.

வினா தக்கதே. கருவி ஒவ்வொரு நரம்பின் அதிர்வையும் தனித்தனி அளக்கும். முதியவரோ இரு நரம்புகளை ஒருங்கே கேட்கிறார். அவை முற்றும் பொருந்தாவிடத்து ஓர் அலைவு எழும். அதனை எண்ணியே ஆணியைத் திருகுகிறார். ஒரு ஸ்தாயியை 1200 கூறாக்கின் தூய பஞ்சமம் ஏறத்தாழ 702ஆம் கூறில் நிற்கும். பன்னிரு சுரமும் சமமாகப் பகுத்த பியானோவில் 700இல் நிற்கும். அவ்விரு கூறு குறைவையும் பயின்ற செவி அறியும்.

யாழ்நரம்பு கூட்டுதலை நம் முன்னோர் பண்ணல் என்றனர்; ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும், நான்காவதை நட்பு என்றும் வழங்கினர். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ்நூலில் இவ்வுறவுகளைக் கணிதத்தாலும் ஆராய்ந்தார். ஆதலின் அளவை நமக்குப் பகையன்று. ஆயினும் கிளை என்பது உறவின் பெயர். உறவை முள் காட்டும், உணர்த்தாது.

முள்ளை மூடிவிட்டுக் கேட்குமாறு மாணவனைப் பணித்தேன். நெடுநேரங் கழித்து, "மெல்ல அலைகிறது, ஐயா!" என்றான். முதியவர் நிமிர்ந்து அவனை நோக்கி முறுவலித்தார்.