செவிலியர்மீது படியும் களங்கத்தை அளப்பது எப்படி?

2003ஆம் ஆண்டில் தைவானில் சார்ஸ் நோய் பரவியபோது ஒரு மருத்துவமனையின் ஊழியர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐவரில் ஒருவர், அங்கு வேலை பார்க்கும் ஒரே காரணத்தால் அக்கம்பக்கத்தார் தம்மை ஒதுக்குவதாக உணர்ந்தது தெரியவந்தது. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், ஒருவரின் மதிப்பு முழுவதையும் குலைத்துவிடும் அடையாளத்தைக் களங்கம் என்று 1963இல் விளக்கியபோதே, களங்கமுற்றவரோடு பழகுவோரையும் அது பற்றிக்கொள்ளும் என்று சுட்டியிருந்தார்.

காய்ச்சலைப் போலக் கருவி வைத்துப் பார்க்க இயலாத இந்நிலையை ஆய்வாளர்கள் வினாநிரல்கொண்டு அளக்கின்றனர். வீட்டைக் காலி செய்யுமாறு உரிமையாளர் சொன்னால் அது நேர்ந்த களங்கம். சொல்லிவிடுவாரோ என்று அஞ்சிப் பணியிடத்தை மறைப்பது எதிர்நோக்கும் களங்கம். தன்னால்தான் வீட்டாருக்கு ஆபத்து என்று தன்னையே நொந்துகொள்வது உள்வாங்கிய களங்கம். இம்மூன்றையும் ஒரே கூட்டுத்தொகையில் கரைத்துவிடுவது தவறு. ஏனெனில் இவற்றுக்கான தீர்வுகள் வேறுவேறு. 2020 ஏப்ரலில் இந்திய அரசு, 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தை அவசரச் சட்டத்தின் மூலம் திருத்தி, மருத்துவப் பணியாளர்மீதான வன்முறையைப் பிணையில் விட முடியாத குற்றமாக்கியது. அது முதல் வகையைத் தடுக்கலாமே தவிர, மற்ற இரண்டையும் எட்டாது.

செவிலியருக்கென்றே உருவான அளவுகோல்களில் முக்கியமானது, லெசோத்தோ, மலாவி, தென்னாப்பிரிக்கா, சுவாசிலாந்து, தான்சானியா ஆகிய நாடுகளின் செவிலியரிடையே எச்.ஐ.வி. தொடர்பாக உருவாக்கப்பட்டு 2009இல் வெளியானது. அதன் 19 கூற்றுகள், செவிலியர் பிறரால் இழிவுபடுத்தப்படுவதை மட்டுமன்றி, அவர்களே நோயாளிகளை இழிவாக நடத்துவதையும் தனியே அளக்கின்றன. இந்த இரண்டாம் பகுதியைச் சேர்க்கும் நேர்மை பாராட்டத்தக்கது.

எனினும் எச்.ஐ.வி.க்கு வகுத்த கூற்றுகளில் நோயின் பெயரை மட்டும் மாற்றிக் கொரோனாவுக்குப் பயன்படுத்துவது போதாது. மூச்சின் வழியே பரவும் நோயில் அச்சம் ஒழுக்கத்தைவிட அருகாமையையே பற்றி எழுவதால், எந்தக் கூற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து அசைகின்றன என்பதைக் கண்டறியும் காரணிப் பகுப்பாய்வை மீண்டும் செய்தாக வேண்டும். கூற்றுகளின் உள்ளிசைவைக் காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா என்னும் எண் உயர்ந்திருப்பது, அளக்க வேண்டியதைத்தான் அளந்தோம் என்பதற்குச் சான்றாகாது. மேலும், புறக்கணிப்பைத் தாங்க மாட்டாமல் வேலையை விட்டுச் சென்ற செவிலியர், பணியில் இருப்போரிடம் மட்டுமே தரப்படும் வினாநிரலில் இடம்பெறுவதில்லை. ஆகவே அத்தகைய ஆய்வின் சராசரி, உண்மையான துன்பத்தைக் குறைத்தே காட்டக்கூடும்.