வண்டிக்கும் மூட்டு வலி வரும்!



நம் ஊர் திருமாகறலீசுவரர் கோயிலுக்கு எலும்பு, மூட்டு நோவு தீர வேண்டிக்கொண்டு எங்கெங்கிருந்தோ பக்தர்கள் வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூட்டு என்பது மனிதருக்கும் மாட்டுக்கும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காருக்கும் மூட்டு உண்டு, அதுவும் தேயும், தேய்ந்தால் சத்தம் போடும் என்று சென்ற கோடை விடுமுறையில் தெரிந்துகொண்டேன்.

என் பெரியப்பாவிடம் பழைய மாருதி 800 கார் ஒன்று இருக்கிறது. பாட்டியைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது அதில்தான். திடீரென்று, இடப்பக்கம் திரும்பினாலே முன்பக்கம் "டக்... டக்... டக்" என்று சத்தம். பாட்டி சிரித்துக்கொண்டே, "என் முட்டி மாதிரியே இதுவும் சத்தம் போடுதுடா" என்றார். ஒரு பட்டறையில் காட்டினோம். ஓட்டிக்கூடப் பார்க்காமல், "ஸ்டியரிங்கையே மாத்தணும்" என்று பெரிய தொகை சொன்னார்கள். பெரியப்பா வண்டியைக் காயலான் கடைக்கே போட்டுவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்தார். அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. "முதல்ல காதைத் தீட்டிக்க தம்பி. எப்போ வருது, எத்தனை தடவை வருதுன்னு கேளு" என்றார். அவர் சொல்லித் தந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சத்தம் மூன்று வகை

1. திரும்பும்போது "டக்-டக்-டக்" என்று தொடர்ந்து வந்து, வேகம் கூடினால் சத்தமும் வேகமாகிறதா? பெரும்பாலும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் சி.வி. ஜாயிண்ட்தான் காரணம்.

2. திரும்பும்போதோ பள்ளத்தில் இறங்கும்போதோ "டொக்" என்று ஒரே ஒரு அடியா? பால் ஜாயிண்ட் அல்லது லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கலாம். இதுதான் மிக ஆபத்தானது. பால் ஜாயிண்ட் கழன்றுவிட்டால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது.

3. வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கை ஒடித்தாலே "டங்" என்று ஸ்பிரிங் துள்ளுகிறதா? ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள பேரிங் இறுகியிருக்கலாம்.

சி.வி. ஜாயிண்ட் என்றால் என்ன?

மாருதி 800-இல் இன்ஜின் முன் சக்கரங்களைத்தான் சுற்றுகிறது. அதே சக்கரங்கள்தான் இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். நேரான இரும்புத் தண்டு சுழலும், ஆனால் மடங்காது. அதனால் தண்டின் முனையில் ஒரு மூட்டு வைத்திருக்கிறார்கள். நம் இடுப்பில் இருக்கும் பந்துக் கிண்ண மூட்டு போல, ஒரு கிண்ணத்துக்குள் பள்ளக் கோடுகள், அவற்றில் 6 எஃகு குண்டுகள். எந்தக் கோணத்தில் திரும்பினாலும் வேகம் மாறாமல் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுக்கும். இந்தக் குண்டு வகை மூட்டை 1920-களில் உருவாக்கியவர் ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற பொறியாளர். 1959-இல் வந்த இங்கிலாந்தின் மினி காருக்குப் பிறகு சின்னக் கார்களில் இது பரவலானது.

நம் மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருப்பது போல இதற்குள் கிரீஸ் இருக்கும். அதை மூடியிருப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. பட்டறையில் 'பூட்' என்பார்கள். அது கிழிந்தால் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். குண்டு ஓடும் பாதையில் குழி விழும். திரும்பும்போது குண்டு அந்தக் குழியைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு "டக்"!

எப்படிக் கண்டுபிடித்தோம்?

களத்துமேட்டில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பெரியப்பா மெதுவாக வட்டமடித்தார். இடப்பக்க வட்டத்தில் சத்தம், வலப்பக்கத்தில் இல்லை. இடது பக்கம் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கமான வலது சக்கரத்தின் மேல் சாயும். (பஸ் திரும்பும்போது நாம் சாய்வோமே, அதே நிலைமம்தான்!) ஆகவே சந்தேகம் வலது மூட்டின் மேல்.

பிறகு பின் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி வைத்து, கீழே உறுதியான தாங்கியும் வைத்தார் அண்ணன். "ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலையை விடக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை, பால் ஜாயிண்ட் நல்லது. இரு பக்கமும் பிடித்து ஆட்டினார். அதிலும் இல்லை, ஸ்டியரிங் கம்பிகளும் நல்லது. உள்ளே எட்டிப் பார்த்தால், வலது பூட் கிழிந்து தொங்கியது. சக்கரத்தின் உட்பக்கமெல்லாம் கறுப்புக் கிரீஸ்.

எனக்குச் சுருக்கென்றது. பொங்கலுக்கு வண்டி கழுவும்போதே அந்தக் கிரீஸை நான் பார்த்தேன். சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன்!

வலது மூட்டைப் புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று. இடது பூட்டிலும் சின்ன வெடிப்பு இருந்தது. ஆனால் குண்டுகள் தேயவில்லை. கழற்றிக் கழுவி, புதுக் கிரீஸ் வைத்து, புது பூட் போட்டதோடு சரி. செலவு வலது பக்கத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. நான் பொங்கலன்றே வாய் திறந்திருந்தால் வலது பக்கமும் இப்படியே முடிந்திருக்கும்.

ஸ்டியரிங் அப்படியேதான் இருக்கிறது. வண்டியும் காயலான் கடைக்குப் போகவில்லை. இப்போது திரும்பும்போது சத்தம் போடுவது பாட்டியின் முட்டி மட்டும்தான்!

உங்களுக்குத் தெரியுமா?
★ மாருதி 800 விற்பனைக்கு வந்தது 1983-இல். உற்பத்தி நின்றது 2014-இல்.
★ அம்பாசடர் காரில் இன்ஜின் பின் சக்கரங்களைச் சுற்றும். அதனால் அதன் முன் சக்கரங்களில் சி.வி. ஜாயிண்ட் கிடையாது.

நண்பர்களே, உங்கள் வீட்டு வண்டியைக் கழுவும்போது சக்கரத்தின் உட்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் துடைப்பதற்கு முன்னால் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்