கையெழுத்துக்கு முன் கணக்கு

திருவிழா முடிந்து கொடி இறக்கப்பட்ட சில நாட்களுக்குள் ஊர்க் கூட்டம் கூடுவதும், வரவு செலவுக் கணக்கு எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படுவதும் நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். தலைக்கட்டு வரி இவ்வளவு, நன்கொடை இவ்வளவு, சப்பரத்துப் பூவுக்கு இவ்வளவு, மேளக்காரருக்கு இவ்வளவு என்று கணக்கர் வாசித்துக்கொண்டே செல்வார். வாண வேடிக்கை என்ற சொல் வந்தவுடன் கூட்டத்தில் சலசலப்பு எழும். சென்ற ஆண்டு வெடித்த அளவுக்கு இவ்வாண்டு வெடிக்கவில்லையே, தொகை மட்டும் கூடியது எப்படி என்று ஒருவர் எழுந்து கேட்பார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவராகவும் இருக்கலாம்; ஆனால் வானத்தில் வெடித்தவற்றை அவர் எண்ணி வைத்திருக்கிறார். நள்ளிரவு வரை நீளும் இத்தகைய கூட்டங்களில் அமர்ந்து, கொசுக்கடியும் கூச்சலும் தாங்காமல் நாம் சலித்துக்கொண்ட இரவுகள் பல. அந்தச் சலிப்பு தவறானது என்பதை ஊராட்சி விவகாரம் ஒன்றில்தான் நாம் கற்றுக்கொண்டோம்.

ஊர்த் திருவிழாக் கணக்கில் ஐம்பது ரூபாய் குறைந்தாலும் விடாத அதே மக்கள், பல இலட்சம் ரூபாய் புரளும் ஊராட்சிக் கணக்கு வாசிக்கப்படும் நாளில் எங்கே இருக்கிறார்கள்? பெரும்பாலோர் வீட்டில் இருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் செலுத்துபவர்கள், தங்கள் தெரு விளக்கு எரியவில்லை என்று தேநீர்க் கடையில் மணிக்கணக்காகக் குறைகூறுபவர்கள், கேள்வி கேட்பதற்கென்றே சட்டம் வகுத்துத் தந்த நாளில் வருவதில்லை.

கிராம சபை என்பது யாரோ சிலரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் மன்றமன்று. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, தனது மூன்றாம் பிரிவிலேயே கிராம சபையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் அது கூடி வந்தது; 2022ஆம் ஆண்டில் உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22, உள்ளாட்சி தினமாகிய நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்க்கப்பட்டன. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை, அரசு உதவி பெறுவோர் பட்டியல் ஆகியவை அங்கே வைக்கப்பட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாது தனி அலுவலர்கள் பொறுப்பில் இருந்த 2016க்கும் 2019க்கும் இடைப்பட்ட காலத்திலும் கிராம சபை கூட்டப்பட்டது. 27 மாவட்டங்களில் 2019ஆம் ஆண்டின் இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக் காலம் 2025ஆம் ஆண்டு ஜனவரி 5 அன்று முடிவுற்ற பின்னரும் அவ்வாறே கூட்டப்பட்டது. தலைவர் வருவார், போவார். சபை ஊராரோடு இருக்கிறது.

இவ்வளவும் அறிந்த நாமே செய்த ஒரு தவற்றை இங்கு மறைக்காது எழுத வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நாம் அப்போது பணிபுரிந்த ஊரில் ஓர் அக்டோபர் 2. பள்ளி வளாகத்து வேப்ப மரத்தடியில் கிராம சபை கூடிற்று. முப்பது பேருக்கு மேல் இருந்திருக்க மாட்டார்கள். ஐந்நூறு பேருக்கு உட்பட்ட சிற்றூராயினும் 50 பேராவது வந்தால்தான் சபை கூடியதாகும். நாம் இருந்ததோ அதைவிடப் பெரிய ஊர். எண்ணிக்கை போதவில்லை. எனவே அன்று மாலை பதிவேடு வீடு வீடாகச் சுற்றி வந்தது. பங்கு இல்லத்திற்கும் வந்தது. கொண்டுவந்தவர் பணிவானவர், நம்மீது மிகுந்த மரியாதை உடையவர். "சாமி, ஒரு கையெழுத்து" என்றார். நாம் அன்று வேறோர் ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்தோம். நின்ற நிலையிலேயே கையெழுத்திட்டோம். எழுதப்பட்ட தீர்மானங்களுக்கும் முதற் கையெழுத்துக்கும் இடையே நான்கு விரற்கடை வெற்றிடம் இருந்தது. அதனைக் கண்டோம், ஏன் என்று கேட்கவில்லை.

நவம்பர் மாதத்தில் ஊருணிக் கரையில் நின்ற சீமைக் கருவேல மரங்கள் வெட்டப்பட்டன. டிராக்டர்கள் வந்தன, விறகு சென்றது. மரங்களை வெட்டியதில் எவருக்கும் மறுப்பில்லை. அந்த முள் மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறது என்று வருந்திக்கொண்டிருந்தவர்களே அதிகம். ஆனால் என்ன விலைக்கு, யாருக்கு, யார் முடிவின்படி என்று சில இளைஞர் வினவினர். கிராம சபைத் தீர்மானத்தின்படி என்று விடை வந்தது. தீர்மானத்தின் நகல் காட்டப்பட்டது. அந்த நான்கு விரற்கடை வெற்றிடத்தில் அது சிறு எழுத்துகளில் நெருக்கி எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே, நான்காவதாக, நம் கையெழுத்து!

அடுத்த நாள் காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் படிக்கட்டில் காத்திருந்தார். கோபமாக எதுவும் சொல்லவில்லை. "சாமி, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீகளாமே?" என்று மட்டும் கேட்டார். வாசிக்காமல் போட்டுவிட்டோம் என்று சொல்ல நமக்கு நாணமாக இருந்தது, ஆயினும் சொன்னோம். அவர் சற்று நேரம் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க வாசிக்கத் தெரிஞ்சவுக" என்று கூறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு சென்றார். நம் குருத்துவ வாழ்வில் ஆயர்களும் மேலதிகாரிகளும் கண்டித்ததுண்டு. இதுபோல் எதுவும் உள்ளே தைத்ததில்லை.

ஜனவரி 26 அன்று கூடிய சபைக்கு நூற்றைம்பது பேருக்கு மேல் வந்தனர். மரம் விற்ற கணக்கு வாசிக்கப்பட்டது: ஆறு டிராக்டர் விறகு, அதற்குரிய தொகை. அந்த மூதாட்டி எழுந்தார். "வெட்டுன நாளெல்லாம் நான் ஆட்டோட கரையிலதான் நின்னேன். பதினோரு டிராக்டரு போச்சு" என்றார். தாளில் ஆறு, கண்ட கண்ணில் பதினொன்று. சிலர் சிரித்தனர். ஆனால் அருகிலிருந்த பெண்கள் இருவர் தாங்களும் பார்த்ததாகக் கூறியதும் சிரிப்பு அடங்கிற்று. எஞ்சிய தொகை இரண்டு மாதங்களுக்குள் ஊராட்சிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அதைக் கட்டியவர் யார் என்று நாம் ஆராயவில்லை. ஊராரும் அதற்கு மேல் துருவவில்லை. ஒரே ஊரில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் அன்றோ!

தணிக்கை அலுவலர் திறமை வாய்ந்தவராக இருக்கலாம். அவர் முன் வைக்கப்படுவன ரசீதுகளும் பதிவேடுகளும். நாற்பது குழல் விளக்கு வாங்கியதற்கு ரசீது இருக்கிறதா என்று அவர் பார்க்க முடியும். எந்தக் கம்பத்தில் விளக்கு எரிகிறது, எந்தக் கம்பம் ஆறு மாதமாக இருண்டு கிடக்கிறது என்பது அந்தத் தெருவில் வாழ்பவருக்கே தெரியும். பிளீச்சிங் பவுடர் வாங்கிய மூட்டைகள் ஏட்டில் இருக்கும். சாக்கடை ஓரத்தில் அது தூவப்பட்டதா என்பதை அறிந்தவர் அங்கே குடியிருப்பவர். மோட்டார் பழுது பார்த்த செலவு ஆண்டில் ஐந்து முறை எழுதப்பட்டிருந்தால், ஐந்து முறை தண்ணீர் நின்றதா என்பதைக் குடத்தோடு காத்திருந்த பெண்தான் சொல்ல வேண்டும். கணக்கை உரக்க வாசிக்க வேண்டும் என்பதன் பொருள் இதுவே. ஏட்டில் உள்ளதும் கண்ணில் கண்டதும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும்.

இந்த எளிய உண்மையிலிருந்து நாடு தழுவிய சட்டம் ஒன்றே பிறந்திருக்கிறது. இராஜஸ்தான் மாநிலத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் உழைப்பாளர் அமைப்பு, 1994ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கோட் கிராணா என்ற ஊரில் மக்கள் முன்னிலையில் விசாரணை ஒன்றை நடத்தியது. அரசுப் பணிகளின் வருகைப் பதிவேடுகளும் செலவுக் கணக்குகளும் அந்த ஊர் மக்களிடையே உரக்க வாசிக்கப்பட்டன. வேலைக்கே செல்லாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை அவர்கள் தங்கள் காதாலேயே கேட்டனர். 'நமது பணம், நமது கணக்கு' என்பது அவர்தம் முழக்கம். அங்கிருந்து வளர்ந்த இயக்கமே 2005ஆம் ஆண்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டமாகக் கனிந்தது. தமிழ்நாடு அதற்கு முன்னரே, 1997ஆம் ஆண்டில், இப்பொருள் பற்றித் தனக்கென ஒரு சட்டம் இயற்றியிருந்தது என்பது பலர் அறியாதது. சட்டம் இயற்றுவதில் நாம் முந்திக்கொள்வோம். அதன்படி கேட்பதில்தான் பிந்தி நிற்கிறோம்.

கணக்குக் காட்டுவது நமக்குப் புதிதும் அன்று. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்தில் இடப்படலாகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் இடப்படலாகாது. இவ்விதியைப் பள்ளி விழா மேடைகளில் பெருமையுடன் எடுத்துச் சொல்வார்கள். அதே கல்வெட்டு, வரி செலுத்தும் நிலமும் சொந்த வீடும் வேதக் கல்வியும் உடையவரே தகுதியானவர் என்றும் கூறுகிறது. ஆடு மேய்க்கும் நம் மூதாட்டியின் பெயர் அந்தக் குடத்துக்குள் ஒருநாளும் விழுந்திராது. பெருமை பேசுவோர் இதையும் சேர்த்துப் பேசினால் நன்று.

அந்தக் குடத்தின் வாயை அகலப்படுத்த நம் காலத்திலும் இரத்தம் சிந்த நேர்ந்தது. 1996ஆம் ஆண்டுத் தேர்தலில், மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு மேலும் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் சென்றபோது வெட்டிக் கொல்லப்பட்டனர். அவ்வாறே ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் முறையான தலைவர் ஒருவர் பணியாற்ற முடியவில்லை; 2006 அக்டோபரில்தான் அந்த நிலை நீங்கிற்று. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபர் 2 அன்று, மாநில முதலமைச்சர் அதே பாப்பாபட்டிக்குச் சென்று கிராம சபையில் அமர்ந்தார். ஒரு நாற்காலிக்காக மனிதர் உயிரையே கொடுத்திருக்கையில், அந்த நாற்காலியின் எதிரே பாய் விரித்து அமர்ந்து இரண்டு மணி நேரம் கணக்குக் கேட்க நமக்கு ஓய்வில்லை என்றால் அதை என்னென்பது?

நகரவாசிகளுக்கு இத்தகைய சபைகூட நெடுங்காலம் வாய்க்கவில்லை. பேரூராட்சியிலும் நகராட்சியிலும் வாக்களித்ததோடு மக்கள் வேலை முடிந்தது. 2011க்குப் பின் 2022 பிப்ரவரி 19 வரை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பொதுத் தேர்தலே நடைபெறாததால் அந்த வாய்ப்பும் அருகிப்போயிற்று. 2022 நவம்பர் 1 அன்றுதான் நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. நகரத்துப் பங்கு மக்கள் சிலரிடம் இதைக் குறித்து வினவினோம். தங்கள் தெருவுக்கு உரிய சபை எங்கே கூடுகிறது என்பதையே பலர் அறிந்திருக்கவில்லை. குப்பை வண்டி வரும் நேரம் மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது!

நம்மவரில் சிலர், ஊராட்சி என்பது கட்சிக்காரர் விவகாரம், கோவில் காரியத்தோடு நாம் நின்றுகொள்வோம் என்கின்றனர். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு பங்கு தோறும் நிதிக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் அமர்ந்து மெழுகுவர்த்திச் செலவைக் கூர்ந்து பார்க்கும் பெரியவர்களே, ஊராட்சிப் பதிவேடு வீட்டுக்கு வரும்போது கண்ணாடியைத் தேடாமல் கையெழுத்திடுகிறார்கள். இவர்களைக் குறைகூற நமக்கு உரிமை சற்றுக் குறைவு. நாமும் அவ்வாறு இட்டவரே.

அந்த ஊரில் நாம் இருந்த எஞ்சிய ஆண்டுகளில் சில வழக்கங்கள் தாமாக அமைந்தன. கிராம சபைக்கு ஒரு வாரம் முன்னதாகவே இளைஞர் நால்வர் சென்ற கூட்டத்துத் தீர்மானங்களின் நகலைப் பெற்று, நிறைவேறியது எது, நிறைவேறாதது எது என்று தாளில் குறித்து வருவர். பதிவேட்டில் கடைசித் தீர்மானத்தின் கீழே குறுக்குக் கோடு ஒன்று இழுத்த பின்னரே முதற் கையெழுத்து இடப்படும். பதிவேடு வீடுகளுக்குச் செல்வது நின்றது. அந்த மூதாட்டி ஆடுகளை வேப்ப மரத்தின் மறுபக்கம் கட்டிவிட்டு முன்வரிசையில் வந்து அமர்வார். கூட்டம் முடியும் தறுவாயில் மைப் பெட்டி அவரிடம் நீட்டப்படும். கட்டை விரலை வைப்பதற்கு முன், எழுதியிருப்பதை இன்னொரு முறை வாசிக்கச் சொல்வார். செயலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முதலிலிருந்து வாசிப்பார்.