வயதான நாய்க்கு என்ன சாப்பாடு?

பொங்கல் விழாவன்று சங்கத்துப் பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர், "உங்க வீட்டு நாய் இன்னும் இருக்கா சார்?" என்று கேட்டார். கேள்வி கொஞ்சம் சுருக்கென்று தைத்தாலும், ஏன் கேட்டார் என்பது அடுத்த நிமிடம் புரிந்தது. அவர் வீட்டு நாய்க்கும் பத்து வயது தாண்டிவிட்டதாம். ஓயாத சொறி, வயிறும் சரியில்லை, எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை என்றார். பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? "எழுதியே கொடுத்துவிடுகிறேன்" என்றேன். நான் கால்நடை மருத்துவன் அல்ல; மத்திய அரசில் கோப்புகளைப் புரட்டி ஓய்வு பெற்றவன். டாக்டர் சொன்னதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும், பட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

எங்கள் நாய் ஸ்பிட்ஸ் ஜாதி. மகள் பள்ளியில் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கியது. டில்லியில் பிறந்த பெண்ணாயிற்றே, 'மோத்தி' என்று பெயர் வைத்தாள். என் தாயார் அதை அப்படியே தமிழாக்கி 'முத்து' என்றார். அது இரண்டுக்கும் வாலை ஆட்டும். மகள் வேலை கிடைத்துப் புனே போனபின் முத்து அம்மாவின் சொத்தாகிவிட்டது. காலையில் அம்மா கையால் குழையப் பிசைந்த தயிர் சாதம். மதியம் கோழி சேர்த்த உலர் தீனி. (நாங்கள் சைவம். ஆனால் பாக்கெட்டில் வருவதால் அம்மாவின் கணக்கில் அது பிஸ்கட்!) இரவு பாலில் ஊறிய சப்பாத்தி. பத்து வருடம் இப்படியே ஓடியது.

பதினோராவது வயதில் தொல்லை ஆரம்பித்தது. முன்னங்கால் பாதங்களை நக்கி நக்கி வெள்ளை முடி செம்பட்டையாகிவிட்டது. காதைச் சொறிந்து புண். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. வயிற்றுக்கு இதமாக இருக்கட்டுமென்று அம்மா சாதத்தில் இன்னும் ஒரு கரண்டி தயிர் சேர்த்தார்.

முதலில் சோதனை, பிறகுதான் சாப்பாடு

டாக்டர் எடுத்த எடுப்பில் சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் இருக்கிறதா என்று முடியை விலக்கிப் பார்த்தார். காதிலிருந்து எடுத்ததை நுண்ணோக்கியில் பார்த்தார். மலத்தில் புழு உண்டா என்று சோதித்தார். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை. கிழ நாய்க்குப் புதிதாக அரிப்பு வந்தால் வேறு நோய் ஒளிந்திருக்கலாம். அதைத் தேடாமல் தீனியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் காலம் வீணாகும் என்றார். உணவு ஒவ்வாமையை ரத்தத்தைக் கொண்டோ எச்சிலைக் கொண்டோ நம்பிக்கையாகக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் அவரே சொன்னார். அதற்கு ஒரே வழி பத்தியம்.

ஒவ்வாமை வேறு, செரிக்காமை வேறு

இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. குட்டிப் பருவம் தாண்டினால் பல நாய்களுக்கு அதைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடும். பால் குடித்தால் வயிறு போகும். இது செரிக்காமை. பால் தயிராகும்போது லாக்டோஸ் ஓரளவு குறைவதால் இப்படிப்பட்ட நாய்க்குத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஒவ்வாமை அப்படியல்ல. அது உணவிலுள்ள புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துப் போராடுவது. பாலின் புரதம் தயிரிலும் இருக்கிறது, பனீரிலும் இருக்கிறது. அங்கே தயிர் மருந்தாகாது.

"பத்து வருஷமா சாப்பிட்டதுதானே, இப்ப எப்படி ஆகாமப் போகும்?" என்றார் அம்மா. வாஸ்தவமான கேள்வி. ஆனால் ஒவ்வாமை வருவதே பெரும்பாலும் பழகிய உணவில்தான். அறியாத பொருளின் மேல் உடம்புக்குப் பகை வராது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், உணவு ஒவ்வாமை உள்ள 297 நாய்களில் மாட்டிறைச்சி 34 சதவீதத்துக்கும், பால் பொருள்கள் 17 சதவீதத்துக்கும், கோழி 15 சதவீதத்துக்கும், கோதுமை 13 சதவீதத்துக்கும் ஆகாமலிருந்தன. முத்துவின் தட்டைப் பார்த்தால் மாட்டிறைச்சி நீங்கலாக மற்ற மூன்றும் தினமும் இருந்தன.

எட்டு வாரப் பத்தியம்

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, புரதத்தை மிகச் சிறு துணுக்குகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவத் தீனி. உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்ளாது. சமைக்கும் வேலையில்லை, ஆனால் விலை அதிகம். மற்றொன்று, நாய் அதுவரை சாப்பிட்டே இராத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும். முத்து மீனை முகர்ந்ததுகூடக் கிடையாது. ஆகவே மீனும் உருளைக்கிழங்கும் என்று முடிவாயிற்று.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்கப் போய்க்கொண்டிருந்தவன், மூக்கைப் பிடித்துக்கொண்டு மீன் கடை முன் நின்றேன். பால்கனியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். உப்பு, எண்ணெய், மசாலா எதுவுமில்லாமல் வேகவைத்து முள்ளை எடுக்க வேண்டும். முதல் நாள் அம்மா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது: "முள்ளு இல்லாம பாத்துக் குடுடா. அது வாயில்லா ஜீவன்."

பத்தியம் என்றால் முழுப் பத்தியம். பிஸ்கட், சப்பாத்தித் துண்டு எதுவும் கூடாது. இறைச்சிச் சுவை சேர்த்த பூச்சி மாத்திரைகூடக் கூடாது; டாக்டரிடம் சொல்லிச் சுவையில்லாத மாத்திரை வாங்கினோம். நான்காவது வாரம் நன்றாகத் தேறி வந்த முத்து மறுபடியும் பாதத்தை நக்கத் தொடங்கியது. துருவி விசாரித்தால், வாசல் சௌகிதார் மாலை நடையின்போது "பேசாரா, பூடா ஹோ கயா" என்று பரிந்து தினம் இரண்டு பால் பிஸ்கட் கொடுத்துவந்திருக்கிறார்! கணக்கை முதலிலிருந்து தொடங்கினோம். வீட்டார், வேலைக்காரி, காவலாளி, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது. ஐந்து வாரத்தில் பெரும்பாலான நாய்களுக்குக் குணம் தெரியும். எட்டு வாரத்தில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தெரிந்துவிடும்.

குணம் தெரிந்ததும் விட்டுவிடக்கூடாது. பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்து, இரண்டு வாரம்வரை கவனிக்க வேண்டும். கோதுமை கொடுத்தோம், ஒன்றும் ஆகவில்லை. கோழியும் பாதகமில்லை. கடைசியாக அம்மா கையாலேயே இரண்டு கரண்டி தயிர். மூன்றாம் நாள் அரிப்பும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டன.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. "நான் ஊட்டினதாலயா அதுக்கு இந்தக் கஷ்டம்?" என்றார். "பத்து வருஷம் ஒத்துக்கிச்சும்மா. இப்ப அதோட உடம்பு மாறிப்போச்சு. உனக்குச் சர்க்கரை வந்தப்ப சாதத்தைக் குறைக்கலையா?" என்றேன். இரண்டு நாள் அவர் முத்துவுக்குச் சாப்பாடு வைக்கவேயில்லை.

வயதான வயிற்றுக்கு

மீனும் கிழங்கும் சோதனைக்குச் சரி, வருடக்கணக்கில் போதாது. அதில் சுண்ணாம்புச் சத்தும் சில வைட்டமின்களும் போதிய அளவில் இல்லை. வீட்டுச் சமையலையே தொடர விரும்புகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுச் சத்து மருந்து சேர்க்க வேண்டும். நாங்கள் கோழி உலர் தீனிக்கே திரும்பினோம், ஆனால் வயதான நாய்க்கென்று செய்தது, பால் கலவாதது. பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள். பின்பக்கப் பட்டியலில் எது எடை அதிகமோ அது முதலில் இருக்கும். 'முழுமையான, சமச்சீரான உணவு' என்ற வாசகமும் இருக்க வேண்டும்.

கிழ நாய்க்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு இல்லாவிட்டால் குறைக்கத் தேவையில்லை. தசை கரையாமலிருக்க நல்ல புரதம் வேண்டும். கொழுப்புதான் ஆபத்து. நெய்யும் பொரித்த பண்டமும் கணையத்தில் அழற்சியை உண்டாக்கக்கூடும். ஒரே வேளையாகப் போடாமல் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பல் போன நாய்க்கு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். வேகவைத்த பரங்கிக்காய் ஒரு கரண்டி மலத்தைச் சீராக்கும். புதிய தீனிக்கு மாறும்போது பழையதில் கால் பங்கு, அரைப் பங்கு என்று ஏழிலிருந்து பத்து நாளில் மாற்றுங்கள்.

நம் வீட்டுச் சமையலிலும் எச்சரிக்கை தேவை. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்க விலங்கு மருத்துவர்கள் சிலர் எழுதினார்கள். அந்த அமிலம் புளியில் நிறைய உண்டு. ஆகவே சாம்பார் சாதம், ரசம் சாதம் எதுவும் வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தினம் தின்றது, மலம், அரிப்பு மூன்றையும் குறித்துவாருங்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். மலத்தில் ரத்தம், அடுத்தடுத்து வாந்தி, ஒரு நாள் முழுக்கப் பட்டினி, அளவுக்கு மீறிய தாகம் இவற்றில் எது கண்டாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

நண்பருக்கு ஒரு பதில் பாக்கி. முத்து இருக்கிறது. பன்னிரண்டு முடிந்துவிட்டது. பாத முடி மறுபடி வெளுத்திருக்கிறது. காலையில் அம்மா ஒரு கைப்பிடிச் சாதமும் பரங்கிக்காயும் பிசைந்து, என் 'பிஸ்கட்'டை அதன்மேல் தூவச் சொல்கிறார். "தயிர் இல்லாமப் பிசையறது இன்னும் கைக்குப் பிடிபடலைடா" என்று தினமும் சொல்கிறார். முத்து தட்டைத் துடைத்தாற்போல் நக்கி வைக்கிறது.